நாக்க மரத்துப்போக வைக்கிற ஊதாப்பூ: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல அமெரிக்காவோட ப்ரெய்ரி புல்வெளிப் பூக்களப் பத்தி எழுதும்போது, கோன்ஃப்ளவர்னு ஒன்னு இருக்கு, எக்கினேசியான்னும் சொல்வாங்க, அதோட வேர ஒரு துண்டு கடிச்சா நாக்கு மரத்துப்போயிடும்னு போற போக்குல ஒரே ஒரு வரி எழுதினேன். மத்த பூக்களுக்கு நான் பக்கம் பக்கமா எழுதினத யாரும் கண்டுக்கல, வந்த கேள்வி அத்தனையும் இந்த ஒரு வரிக்குத்தான். சரி, இந்த மாசம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி (கேன்சஸ் சிட்டி வாசகி): அக்கா, நாக்கு மரத்துப்போகும்னு எழுதியிருந்தீங்களே, நிஜமாவா இல்ல சும்மா சொன்னீங்களா? மருந்துக்கடைல சளிக்குன்னு விக்கிற எக்கினேசியா மாத்திரையும் இந்தப் பூவும் ஒன்னுதானா?

பதில்: நிஜம்தாம்மா, நானே கடிச்சுப் பாத்திருக்கேன், என் தோட்டத்துல வளத்த செடியோட வேருதான், காட்டுல பிடுங்கினது இல்ல. முதல்ல லேசா இனிக்கிற மாதிரி இருக்கும், ஒரு நிமிஷம் ஒன்னும் இல்லையேன்னு நினைப்போம், அப்புறம் நாக்கு நுனில குறுகுறுன்னு ஆரம்பிச்சு எச்சில் ஊத்தா ஊறி உதடெல்லாம் பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி ஆயிடும். நம்ம ஊர் நாட்டு மருந்துக்கடைல அக்கரகாரம்னு ஒரு வேர் குடுப்பாங்களே, பல்வலிக்கும் தொண்டைக்கும், அதக் கடிச்சவங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம், கிட்டத்தட்ட அதே உணர்ச்சிதான். காரணமும் ஒன்னுதான், ரெண்டு வேர்லயும் இருக்கறது ஆல்கமைடுங்கற ஒரு வகை ரசாயனம். ரெண்டும் சூரியகாந்தி, சாமந்தி இருக்கிற அதே குடும்பம், அதனால தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாம். வேர் வாங்கற வியாபாரிங்க ஒரு துண்ட வாயில போட்டு குறுகுறுக்குதான்னு பாத்துட்டுதான் விலை பேசுவாங்க, ஏன்னா வைல்ட் குயினைன்னு வேற ஒரு செடியோட வேர எக்கினேசியான்னு சொல்லித் தள்ளிவிடற வேலை ரொம்ப காலம் நடந்திருக்கு.

மாத்திரை விஷயத்துக்கு வரேன். எக்கினேசியாங்கறது ஒரே செடி இல்ல, ஒன்பது வகைன்னு பொதுவா சொல்றாங்க, அதுல மூணுதான் மருந்துக்குப் போகுது. அங்கஸ்டிஃபோலியாங்கறது குட்டையா, இலை ஒல்லியா, ஒரே ஆணிவேரா ஆழமா இறங்கும், இதுதான் மேற்குப் பக்கத்து வறண்ட சமவெளியோட செடி. பாலிடா உசரமா வளரும், இதழ் வெளிறின ரோஸ் கலர்ல நனைஞ்ச துணி மாதிரி கீழ தொங்கும், மகரந்தம் வெள்ளையா இருக்கும், அத வெச்சே அடையாளம் கண்டுபிடிச்சிடலாம். மூணாவது பர்ப்யூரியா, இலை அகலம், வேர் சல்லிவேரு, ப்ரெய்ரியவிட காட்டோரத்துலதான் இதுக்குப் பிரியம். நர்சரில வாங்கறது, பக்கத்து வீட்டுத் தோட்டத்துல பாக்கறது, மாத்திரைல இருக்கறது, பெரும்பாலும் இதுதான். மூணும் எக்கினேசியாதான், ஆனா உள்ள இருக்கற சரக்கு ஒன்னு இல்ல, வேருக்கும் இலைக்குமே வித்தியாசம் உண்டு. டப்பால எந்த வகை, எந்தப் பாகம்னு போடலேன்னா அத வாங்காதீங்க.

கேள்வி (ஓமாஹா வாசகர்): வணக்கம் மேடம். இங்க நெப்ராஸ்கால பழங்குடி மக்கள் இந்த வேர பாம்புக்கடிக்கே பயன்படுத்தினாங்கன்னு மியூசியத்துல படிச்சேன். இதெல்லாம் உண்மையா, இல்ல பின்னாடி வந்தவங்க கட்டிவிட்டதா?

பதில்: பயன்படுத்தினாங்கங்கறது உண்மை சார். கட்டிவிட்ட கதையும் ஒன்னு இருக்கு, அத அப்புறம் சொல்றேன்.

மெல்வின் கில்மோர்னு ஒருத்தர் மிசௌரி ஆத்துப் பக்கத்து மக்கள், அதாவது டகோட்டா, ஓமாஹா, பொன்கா, பானி, வின்னெபேகோ இவங்ககிட்ட போய் உக்காந்து, எந்தச் செடிய எதுக்கு வெச்சிருக்கீங்கன்னு கேட்டுக் கேட்டு எழுதி 1919-ல வெளியிட்டார். வேற எந்தச் செடியவிடவும் அதிக நோவுக்கு மருந்தா இருந்தது இதுதான்னே எழுதியிருக்கார். பல்வலின்னா ஒரு துண்ட வலிக்கிற பல்லுமேல வெச்சு வலி போற வரைக்கும் அப்படியே இருக்கறது, கழுத்துல பொன்னுக்கு வீங்கி மாதிரி வீங்கினா அதுக்கு, தலைவலிக்குப் புகை, குதிரைக்கு நோவு வந்தா அதுக்கும் புகை, தீக்காயத்துக்குச் சாறு, பாம்புக்கடி பூச்சிக்கடிக்கும் இதுதான். எனக்குப் பிடிச்சது இதுக்கு அப்புறம் வர்ற பகுதி. வித்தை காட்டறவங்க கை முழுக்க இந்தச் சாறத் தடவிக்கிட்டு கொதிக்கிற பானைக்குள்ள கைய விட்டு கறித்துண்ட எடுத்துக் காட்டுவாங்களாம். வின்னெபேகோக்காரர் ஒருத்தர், வாய இதால மரத்துப்போக வெச்சுக்கிட்டு எரியற கங்க வாயில போட்டு ஜனங்கள அசத்துவேன்னு கில்மோர்கிட்ட சொல்லியிருக்கார். தயவுசெஞ்சு யாரும் வீட்டுல முயற்சி பண்ணாதீங்க, மரத்துப்போனா வலிதான் தெரியாது, தோல் வேகறது வெந்துக்கிட்டுதான் இருக்கும்.

பல்வலிக்கு வெச்சதும், தொண்டைக்கு மென்னதும் அனுபவத்துல கண்டது, ஒரு துண்ட மென்னு பாத்த யாருக்கும் அது ஏன்னு புரியும். பாம்புக்கடிதான் வேற கதை, இப்ப அந்தக் கட்டிவிட்டவர்கிட்ட வரேன். 1870, 80-கள்ல உங்க ஊருக்குத் தெற்க பானி சிட்டில மேயர்னு ஒருத்தர், ஜெர்மன்காரர், பெரிய டாக்டர் படிப்பெல்லாம் கிடையாது, இந்த வேர வெச்சு 'மேயரோட ரத்த சுத்தி'ன்னு ஒரு பாட்டில் மருந்து விக்க ஆரம்பிச்சார். இந்தச் செடி பழங்குடி மக்களோட மருந்துன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்னு நான் சொல்லவே வேண்டாம். வெறிநாய்க்கடி, குழிவிரியன் வகைல வர்ற ராட்டில் ஸ்னேக் கடி, எல்லாத்துக்கும் இதுதான்னு லேபிள்ல போட்டுக்கிட்டார். சின்சினாட்டில ஜான் கிங்னு பேர் போன மருத்துவர், அப்புறம் ஜான் யூரி லாய்டுன்னு மருந்து தயாரிக்கறவர், இவங்க ரெண்டு பேருக்கும் லெட்டர் போட்டு, நம்பிக்கை இல்லேன்னா சொல்லுங்க, நானே சின்சினாட்டி வந்து உங்க முன்னாடி ராட்டில் ஸ்னேக்க விட்டுக் கடிக்க வெச்சுக்கறேன், இந்த மருந்தாலயே பொழைச்சும் காட்டறேன்னு சவால் விட்டார். அவங்க வேண்டாம் சாமின்னு மறுத்துட்டாங்க. லாய்டு முதல்ல இந்த ஆள நம்பவே இல்ல, ஆனா கிங் நோயாளிகளுக்குக் குடுத்துப் பாத்து 1887-ல எழுதினதுக்கு அப்புறம் நிலைமை மாறிடுச்சு, கொஞ்ச வருஷத்துல லாய்டு கம்பெனிலயே நல்லா விக்கிற சரக்கு இதுதான்னு ஆச்சு. 1909-ல அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷனோட மருந்துக் கவுன்சில் இதுக்கு ஆதாரம் போதாதுன்னு ஒதுக்கினாங்க, அதுக்கெல்லாம் வியாபாரம் நிக்கல.

பாம்பு கடிச்சா வேர் தேடாதீங்க, 911 கூப்பிட்டு விஷமுறிவு ஊசி இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போங்க. மியூசியத்துல இருக்கறது வரலாறு, அத அப்படியேதான் எடுத்துக்கணும்.

கேள்வி (சிகாகோ பக்கம், ரெண்டு குழந்தைகளோட அம்மா): அக்கா, விண்டர் வந்தா பிள்ளைங்களுக்கு மாறி மாறி சளி. ஃப்ரெண்டு ஒருத்தி எக்கினேசியா சிரப் குடு, வரவே வராதுங்கறா. குடுக்கலாமா?

பதில்: எத்தன வயசுன்னு எழுதல நீங்க, அதான் முக்கியம். பன்னெண்டு வயசுக்குள்ளன்னா வாயால குடுக்க வேண்டாம்னு பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012-லயே சொல்லிடுச்சு, பெருசா ஏதோ ஆபத்துன்னு இல்ல, அலர்ஜி வர சின்ன வாய்ப்பு இருக்கு, அதுக்கு ஈடா கிடைக்கற பலன் ரொம்பக் கம்மி, அதனால எதுக்குன்னு. எனக்கு அந்தக் கணக்கு சரியாத்தான் படுது.

பெரியவங்களுக்குன்னா என்னன்னும் சொல்லிடறேன், ஏன்னா இதே கேள்விய ஏழெட்டு பேர் கேட்டிருக்காங்க. 2005-ல ஒரு பரிசோதனை, தைரியமான ஆளுங்க வாலண்டியரா வந்து மூக்குல சளி வைரஸ விட்டுக்கிட்டாங்க, கொஞ்ச பேருக்கு அங்கஸ்டிஃபோலியா வேர்ச்சாறு, மத்தவங்களுக்கு சும்மா டம்மி மருந்து. ரெண்டு கூட்டத்துக்கும் சளி ஒரே மாதிரிதான் பிடிச்சுது. அதுக்கப்புறம் 2014-ல காக்ரேன் அமைப்பு 24 ஆய்வுகள், நாலாயிரத்துச் சொச்சம் ஆளுங்க, எல்லாத்தையும் ஒன்னாச் சேத்துப் பாத்தாங்க. வந்த சளிய சீக்கிரம் விரட்டும்னு உறுதியா சொல்ல முடியல, வராம தடுக்கறதுல லேசா ஏதோ இருக்கலாம், அதுவும் உறுதி இல்ல. ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு வகை, ஒருத்தர் வேர், ஒருத்தர் பூ, ஒருத்தர் சாராயத்துல ஊறவெச்சது, இன்னொருத்தர் பச்சச் சாறு, அப்புறம் எப்படி ஒரே பதில் வரும்?

இந்தக் கொழப்பத்துக்கு ஒரு பழைய காரணமும் இருக்கு, கேட்டா சிரிப்பீங்க. 1930-கள்ல ஜெர்மனிலேருந்து மடாஸ்னு ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் அங்கஸ்டிஃபோலியா விதை வாங்கத்தான் அமெரிக்கா வந்தார், கொண்டுபோன விதை முளைச்சுப் பாத்தா பர்ப்யூரியா! சரி வந்தது வந்துச்சுன்னு அதோட தழையச் சாறு பிழிஞ்சே மருந்து பண்ணாங்க, ஐரோப்பால நடந்த ஆராய்ச்சில பாதிக்கு மேல அந்தச் சாறுலதான். பழங்குடி மக்கள் பயன்படுத்தினது ஒரு செடியோட வேர், பெரும்பாலும் ஆராஞ்சது வேற செடியோட தழை. இதுல, ஆயிரம் வருஷமா நம்பின மருந்துன்னு டப்பால போடறாங்க பாருங்க, அதுக்குத்தான் எனக்குக் கோவம் வரும்.

அமெரிக்கால இது மருந்துக் கணக்குல இல்ல, டயட்டரி சப்ளிமெண்ட், அதாவது துணை உணவுக் கணக்குல வருது. 1994 சட்டப்படி, வேலை செய்யுதுன்னு யாருகிட்டயும் நிரூபிக்காமயே கடைக்குக் கொண்டுவரலாம். டப்பா அடில பொடி எழுத்துல, இது எந்த நோயையும் குணப்படுத்தறதுக்கு இல்லன்னு போட்டிருப்பாங்க, அதையும் படிங்க. ராக்வீட்ங்கற களைச்செடி அலர்ஜி இருக்கறவங்க, சாமந்தி தொட்டாலே தும்மறவங்க, எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்கற ஆட்டோஇம்யூன் பிரச்சனை இருக்கறவங்க, உறுப்பு மாத்தி அதுக்கு மருந்து சாப்பிடறவங்க, இவங்க யாரும் டாக்டர கேக்காம தொடவே கூடாது. நல்லா இருக்கற பெரியவங்க ஒரு கப் டீ குடிச்சா ஒன்னும் ஆயிடாது, தொண்டைக்கு இதமாத்தான் இருக்கும், சூடா எதக் குடிச்சாலும் இதமாத்தான் இருக்கும்.

கேள்வி (மினியாபோலிஸ் வாசகர்): ஏப்ரல்ல விதை போட்டேன், ஒன்னு கூட முளைக்கல. விதை மோசமா?

பதில்: விதை மேல பழி போடாதீங்க தம்பி. இது பனி பாத்து வளந்த ஜாதி, ஒரு விண்டர் கழிஞ்சுதுன்னு அதுக்குத் தெரிஞ்சாத்தான் கண்ணத் தொறக்கும், இல்லேன்னா நவம்பர்ல முளைச்சு டிசம்பர்ல செத்துரும்ல? அதனால ஒன்னு பண்ணுங்க, இலையுதிர் காலக் கடைசில, மண்ணு உறையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, விதையத் தூவி லேசா மண்ணுல அமுக்கிவிட்டுட்டு மறந்துடுங்க, மினசோட்டா பனி மத்தத பாத்துக்கும். அதுக்குப் பொறுமை இல்லையா, ஈர மணல்ல கலந்து ஜிப்லாக் பைல போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, பர்ப்யூரியாவுக்கு ஒரு மாசம் போதும், அங்கஸ்டிஃபோலியா பிடிவாதக்காரி, மூணு மாசம் கேப்பா. பை மேல என்னன்னு எழுதி வைங்க, எங்க வீட்டுல ஒருத்தர் எள்ளுன்னு நினைச்சு எடுக்கப் பாத்தார்.

முளைச்சதும் முதல் வருஷம் பூ எதிர்பாக்காதீங்க. மேல நாலு இலை இருக்கும், செத்துப்போச்சோன்னு தோணும், அது அடில வேர் விட்டுக்கிட்டு இருக்கு. ஜான் வீவர்னு நெப்ராஸ்கா யூனிவர்சிட்டி பேராசிரியர் ஒருத்தர் ப்ரெய்ரில ஆள் உசரத்துக்கு மேல குழி வெட்டி இறங்கி ஒவ்வொரு செடியோட வேரையும் அளந்து படமாவே வரைஞ்சார், அந்தப் படங்கள எங்கயாவது பாத்தா விடாதீங்க. மேல முழங்கால் உசரம் இருக்கற செடி கீழ அஞ்சு அடிக்கும் கூட இறங்கியிருக்கும். தீ வெச்சாலும், காட்டெருமை மேஞ்சாலும், மழை பொய்ச்சாலும் திரும்ப வர்றதுக்கு அதான் காரணம்.

இன்னொன்னு, உரம் போடாதீங்க. நான் முதல் வருஷம் ஆசை ஆசையா கம்போஸ்ட் கொட்டினேன், செடி கன்னாபின்னான்னு நெடுநெடுன்னு வளந்து ஜூலை மழைக்கு மொத்தமா குப்புற விழுந்துச்சு.

கேள்வி (டெஸ் மாய்ன்ஸ் வாசகி): பூ நடுவுல ஊதா வராம பச்சையா குஞ்சம் குஞ்சமா இலை மாதிரி வருது. பாக்க அழகா இருக்கு, புது வகையா அக்கா?

பதில்: அழகா இருக்கா! ஐயோ, அது நோவும்மா. ஆஸ்டர் யெல்லோஸ்னு பேர், தத்துப்பூச்சி சாறு உறிஞ்ச வரும்போது ஒரு செடிலேருந்து இன்னொன்னுக்குக் கொண்டுபோய் விட்டுரும். மருந்து கிடையாது, வேரோட பிடுங்கி பைல கட்டிக் குப்பைல போடுங்க, தாமதிச்சா பக்கத்துல இருக்கற சாமந்தி வகை எல்லாத்துக்கும் போயிடும். ஆனா பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நல்லா பாருங்க. செடி முழுக்க இலையும் மஞ்சளடிச்சு எல்லாப் பூவும் கோணலா இருந்தா அதான். இலையெல்லாம் நல்லா இருந்து, பூவோட கூம்புல மட்டும் அங்கங்க குஞ்சம் தெரிஞ்சா அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னச் சிலந்திப்பேன் வேலை, பூவ மட்டும் நறுக்கிப் போட்டா போதும், செடி பொழைச்சுக்கும்.

கேள்வி (அதே வாசகி, இன்னொரு கேள்வி): நர்சரில ரோஜா மாதிரி அடுக்கு இதழ் வெச்ச கோன்ஃப்ளவர் இருக்கே, அது வாங்கலாமா?

பதில்: கண்ணுக்கு வேணும்னா வாங்குங்க. தேனீக்கு அது பிளாஸ்டிக் பூ மாதிரி. நடுக்கூம்புல இருக்கற குட்டிக் குட்டிப் பூவுலதான் தேனும் மகரந்தமும் விதையும், சுத்தி இருக்கற ஊதா இதழ் எல்லாம் மலடு, வெறும் விளம்பரப் பலகைதான். அடுக்குப் பூவுல அந்தக் கூம்பையே இதழா மாத்திட்டாங்க.

கேள்வி (விச்சிட்டா வாசகர்): அக்கா, ஹைவே ஓரத்துல ஜூன் மாசம் முழுக்க இந்தப் பூதான். அவ்ளோ இருக்கு, ஒரே ஒரு செடி தோண்டி எடுத்துட்டு வந்தா என்ன தப்பு?

பதில்: அவ்ளோ இருக்குன்னு உங்களுக்குத் தோணறதே ஹைவே ஓரத்துல மட்டும் மிச்சம் இருக்கறதாலதான்! ஒரு காலத்துல உசரப்புல் ப்ரெய்ரி மட்டும் 17 கோடி ஏக்கர், கனடாவுலேருந்து டெக்சாஸ் வரைக்கும். 1837-ல ஜான் டீர் அந்தக் கெட்டி மண்ணையும் கிழிக்கிற ஸ்டீல் கலப்பை செஞ்சார், அப்புறம் சோளமும் சோயாவும் வந்துச்சு, இப்ப இருக்கறது நூத்துல நாலு பங்கு கூட இல்ல, அதுலயும் பெரும்பகுதி உங்க பக்கத்து ஃப்ளிண்ட் ஹில்ஸ் குன்றுப் பக்கம், அதுவும் அடில சுண்ணாம்புக்கல்லும் சக்கிமுக்கியுமா இருந்து கலப்பை ஓட்ட முடியாததாலதான் தப்பிச்சுது.

வேர் விலை ஏறும்போதெல்லாம் கேன்சஸ்லயும் டகோட்டாவுலயும் ராத்திரில வந்து அடுத்தவங்க நிலத்துல தோண்டிக்கிட்டுப் போற ஆளுங்க இருந்திருக்காங்க. நீங்க அப்படி இல்லன்னு தெரியும். ஆனாலும் ரோட்டோர நிலம் யாரோடதோ, அனுமதி இல்லாம எடுத்தா திருட்டுதான். உங்க கேன்சஸ்லயே சேஸ் கவுண்டில 1996-ல ஆரம்பிச்ச டால்கிராஸ் ப்ரெய்ரி நேஷனல் ப்ரிசர்வ் மாதிரி இடத்துல எடுத்தா ஃபெடரல் குத்தம். இதெல்லாம் விடுங்க, எடுத்தாலும் பொழைக்காது, அஞ்சடி ஆணிவேர நீங்க முக்கால் அடில நறுக்கி எடுத்துட்டு வருவீங்க, அது தொட்டில ஒரு வாரம் தலையத் தொங்கப் போட்டுட்டு செத்துப்போகும்.

டென்னசில இதோட தங்கச்சி ஒருத்தி இருக்கா, நாஷ்வில் பக்கம் கல்லுத்தரைல மட்டும் வளர்றவ, இவ பூ எப்பவும் கிழக்கத்தான் பாக்கும். அழிஞ்சே போச்சுன்னு முடிவு கட்டியிருந்தாங்க, 1960-கள்ல திரும்பக் கண்டுபிடிச்சு, 1979-ல அழியற பட்டியல்ல சேத்து, நிலத்த வாங்கி வேலி போட்டு விதை தூவி, 2011-லதான் அந்தப் பட்டியல்லேருந்து எடுத்தாங்க. முப்பத்திரெண்டு வருஷம், ஒரு பூவுக்கு! விதை பாக்கெட் ஒன்னு நாலஞ்சு டாலர்தான், அந்தந்த மாநிலத்து நாட்டுச்செடி நர்சரில கேளுங்க, உங்க பக்கத்து விதையாவே குடுப்பாங்க.

கேள்வி (டொபீகா, ஆறாவது படிக்கிற வாசகி): ஆன்ட்டி, பூ காஞ்சதும் அம்மா வெட்டிடலாம்னு சொல்றாங்க. வெட்டலாமா? அப்புறம் இதுக்குத் தமிழ்ல ஒரு பேரு வைங்க ப்ளீஸ்.

பதில்: அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு கண்ணு, வெட்ட வேண்டாம். செப்டம்பர் அக்டோபர்ல அந்தக் காஞ்ச கூம்பு மேல மஞ்சள் கலர் கோல்ட்ஃபிஞ்ச் குருவி வந்து தலைகீழா தொங்கி விதையக் கொத்தும், அதப் பாத்ததுக்கு அப்புறம் அம்மாவே கத்தரிக்கோல உள்ள வெச்சுடுவாங்க. வசந்தம் வந்தப்புறம் வெட்டிக்கலாம்.

பேருதான் கஷ்டமா இருக்கு. 1794-ல இதுக்கு எக்கினேசியான்னு பேர் வெச்ச மோன்ஷுங்கற ஜெர்மன்காரர் அந்தக் கூம்பத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வெச்சிருக்கணும், கிரேக்க மொழில முள்ளெலிக்கு எக்கினோஸ்னு பேரு. அப்படிப் பாத்தா முள்ளெலிப்பூ. ஆனா அவருக்கு ரொம்ப முன்னாடியே ஓமாஹா மக்கள் சீப்புச்செடின்னு கூப்பிட்டிருக்காங்க, காஞ்ச கூம்ப வெச்சு தலை வாருவாங்களாம். பானி மக்கள் வெச்ச பேருக்கு கையில சுத்தறதுன்னு அர்த்தம், உன்ன மாதிரி பசங்க ரெண்டு காஞ்ச தண்ட எடுத்து ஒன்னச் சுத்தி இன்னொன்ன சொழட்டி விளையாடுவாங்க. எனக்கு சீப்புப்பூதான் பிடிச்சிருக்கு. நீ ஒரு கூம்ப எடுத்து தலை வாரிப் பாத்துட்டு எழுது, முடில மாட்டிக்கிச்சுன்னா முள்ளெலிப்பூன்னே வெச்சுக்கலாம்.